கைவிடப்பட்டதாக நான் நினைத்த காலை

காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. அப்படித்தான் அது ஆரம்பித்தது. ஆவடி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு நடந்தபோது, பின்னாலிருந்து ஒரு பெண், "அம்மா, உங்க செருப்பு அங்கயே கிடக்கு" என்று கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு காலில் செருப்பில்லாமலேயே பாதித் தெருவைக் கடந்திருக்கிறேன்.

அதற்கு முன்பு எனக்கு வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. அந்தச் சோர்வு இன்னும் விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாள் முழுக்க நிற்கிறவளுக்குக் கால் மரத்துப்போவது புதிதில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முத்தாபுதுப்பேட்டையில் இருக்கிற எங்கள் சபைக்கு வழக்கம்போலப் போனோம்.

எங்கள் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஷீட் கூரை போட்ட நீளமான ஹால். என் கணவர் தங்கராஜ் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அவர் வேலைக்காக இங்கே வந்த நாளிலிருந்து அந்தச் சபைக்குத்தான் போகிறோம். அங்கே நான் ஞாயிறு பள்ளியும் நடத்துகிறேன். இயேசு மறுபடி வருவார், அந்த நாள் மிகவும் சமீபம் என்பது எங்கள் விசுவாசத்தின் நடுவில் இருக்கிற விஷயம். யாரும் எதிர்பாராத நேரத்தில் வந்து தம்முடையவர்களை உயிரோடு வானத்துக்கு எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் இங்கேயே கைவிடப்படுவார்கள். அதன்பின் பூமியில் கொடிய உபத்திரவ காலம். முதலில் நடக்கிற அந்த எடுத்துக்கொள்ளப்படுதலை இரகசிய வருகை என்போம். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், சமைத்தவள் இருக்கமாட்டாள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும், ஓட்டுகிறவர் இருக்கமாட்டார் என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பேச்சுக்காகச் சொன்னதில்லை. நடக்கப்போகிறது என்று நம்பித்தான் சொன்னேன்.

எங்களுக்கு ஒரே மகள், ஜெனிபர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை. கொஞ்ச காலமாக அவள் சபைக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். சண்டை ஒன்றும் போடவில்லை, ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கமாட்டாள், அவ்வளவுதான்.  ஒருநாள் அவளிடம் அழுதே கேட்டேன், வருகை இன்றைக்கு இருந்தால் உன் நிலைமை என்ன என்று.

"நீங்களும் அப்பாவும் போயிடுவீங்க. நான் இங்க நிப்பேன்" என்றாள். "சரி. அங்க போய் உங்களால நிம்மதியா இருக்க முடியுமாம்மா?"

"அங்க கண்ணீரே இருக்காது" என்றேன்.

"அப்ப என்னை மறந்துருவீங்க" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நாங்கள் இருவருமே எடுக்கவில்லை.

அந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் எழுந்தபோது என்னால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. இரண்டு கையையும் ஊன்றிப் பார்த்தேன். தொடையில் பலமே இல்லை. பாஸ்டர் வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். முடித்ததும் என் கணவரைப் பார்த்து, "தாமதிக்காதீங்க பிரதர். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அதை அவருக்கு நன்றியோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜெனி ஒரு கார் பிடித்து வந்தாள். அம்பத்தூர் தாண்டி உள்ள ஒரு தனியார் மருத்துவமனை. காத்திருக்கும் இடத்தில் டோக்கன் எண்ணைத் திரையில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது, தொடையில் இருந்த மதமதப்பு இடுப்புக்கு ஏறுவது எனக்குத் தெரிந்தது. கைப்பையின் ஜிப்பைத் திறக்க முயன்றேன். விரல் பிடிக்கவில்லை. ஜெனி பையை வாங்கித் திறந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

நரம்பியல் டாக்டர் ஒரு ரப்பர் சுத்தியால் என் முழங்காலில் தட்டினார். தட்டினால் கால் தானாகத் துள்ளவேண்டும். என் கால் தொங்கிக்கொண்டே இருந்தது. மறுபடி தட்டினார். பிறகு முதுகெலும்புக்கிடையில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தார்கள். கையிலும் காலிலும் சிறு மின்சாரம் பாய்ச்சி நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கடத்துகிறது என்று பார்த்தார்கள். சுளீர் சுளீர் என்று இழுக்கும் அந்தச் சோதனை. அதில் சில இடங்களில் எனக்கு வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இதுக்கு கில்லன் பாரே சின்ட்ரோம், சுருக்கமா ஜி.பி.எஸ்.னு பேரு" என்றார் டாக்டர். "உடம்புல கிருமி வந்தா அதை எதிர்க்க ஒரு படை இருக்குல்ல, அது ஆளை மாத்தித் தாக்குது. கரண்டு ஒயர் மேல ஒரு உறை இருக்கும் பாருங்க, நரம்புக்கும் அப்படி ஒண்ணு உண்டு. அதைப் பிய்ச்சிடுது. மூளை சொல்றது தசைக்குப் போய்ச் சேராது. கீழருந்து மேல ஏறும். எங்க நிக்கும்னு இப்ப சொல்ல முடியாது. பெரும்பாலானவங்க குணமாயிடறாங்க. ஆனா நடுவுல கஷ்டமான கட்டம் வரலாம்."

"கஷ்டமான கட்டம்னா?" என்று ஜெனி கேட்டாள்.

"மூச்சு விடறதும் தசைதானேம்மா" என்றார்.

பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற ஆரம்பித்தார்கள். அது என் உடம்பின் வெறிபிடித்த படையை அடக்கவேண்டும். அது வேலை செய்ய நாளாகும், நோய் அதுவரை காத்திருக்காது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒரு சிஸ்டர் வந்து, "ஒரே மூச்சுல நம்பர் சொல்லுங்கக்கா, எவ்ளோ தூரம் போறீங்கன்னு பாக்கலாம்" என்பார். அவர் பெயர் தேவி. திருமழிசைப் பக்கம் வீடு. காலையில் இருபதைத் தாண்டினேன். மத்தியானம் பத்தைத் தாண்டவில்லை. சாயந்திரம் ஐந்தோடு நின்றுபோனேன். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தே வாழ்ந்தவளுக்கு ஆறு என்ற எண் எட்டவில்லை.

மூச்சு விடுவதற்குக் குழாய் போடுவதற்கு முன் வீட்டார் இருவரையும் உள்ளே விட்டார்கள். என் கணவர் என் நெற்றியில் கைவைத்து, "ஏளா, ஒண்ணும் ஆவாது. கர்த்தர் இருக்காரு, நான் வெளியதான் நிக்கேன்" என்றார்.  ஜெனி என் கையைப் பிடித்திருந்தாள் என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"ஜெனி, ஜெபம் பண்ணு" என்றேன். மூச்சு அதற்குத்தான் இருந்தது.

"பண்றேம்மா" என்றாள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அதற்குப்பின் நான் ஒரு நினைவில்லாத உடம்பு. உண்மையில் அப்படி இல்லை, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மயக்க மருந்தைக் குறைத்தபிறகு எனக்கு நினைவு நன்றாக இருந்தது. கை, கால், வாய், முகம் எதுவும் அசையவில்லை. தொண்டையில் துளையிட்டு அதில் குழாய் செருகியிருந்தார்கள். வென்டிலேட்டர் என்கிற மூச்சு இயந்திரம் அதன்வழியாக எனக்குக் காற்றைத் தள்ளியது. இமையும் மூடாது என்பதால் கண் காய்ந்துவிடாமல் மருந்து தடவி டேப் ஒட்டிவிடுவார்கள். பார்வையாளர் நேரத்தில் மட்டும் அதைப் பிரிப்பார்கள். கருவிழியைக் கொஞ்சம் மேலே கீழே நகர்த்த முடிந்தது. மேலே என்றால் ஆமாம், கீழே என்றால் இல்லை என்று ஜெனி ஏற்பாடு செய்தாள். மற்ற நேரமெல்லாம் என்னிடம் இருந்தது காது மட்டும்தான்.

ஆகவே அந்த வார்டை நான் காதாலேயே அறிந்தேன். ஏ.சி.யின் இரைச்சல். ஒவ்வொரு கட்டிலிலும் இதயத்துடிப்பைச் சொல்லும் மானிட்டரின் 'பிப்'. எதிர்க்கட்டில் மனிதரின் இருமல். சிஸ்டர்களின் ரப்பர் செருப்பு. தேவி மட்டும் என்னிடம் எதைச் செய்தாலும் சொல்லிவிட்டுத்தான் செய்வார். "அக்கா, சளி உறிஞ்சப் போறேன், கொஞ்சம் கஷ்டமா இருக்கும்." "அக்கா, திருப்பிப் படுக்க வைக்கிறோம்." பலர் என்னைக் கட்டிலைப்போலக் கையாண்டார்கள். அவர்களைக் குறைசொல்லவில்லை, பதில் சொல்லாத உடம்போடு பேசுவது எளிதில்லை.

பார்வையாளர் நேரத்தில் என் கணவர் பாதத்துக்கு எண்ணெய் தேய்ப்பார். தேய்ப்பது எனக்குத் தெரியாது. எண்ணெய் வாசனைகூட வராது, மூக்கு வழியாக நான் மூச்சு விடவில்லையே. "இப்ப இடது கால் தேய்க்கேன்" என்று அவர் சொல்வதை வைத்துத் தெரிந்துகொள்வேன். ஜெனி அலுவலகக் கதை சொல்வாள்.

அவர்கள் போனபின் ஒரே கேள்வி வந்து நெஞ்சில் உட்காரும். நான் எதற்கு இருக்கிறேன்? கற்பிக்க முடியாது, சமைக்க முடியாது, ஜெபத்தைக்கூட வாய்திறந்து சொல்ல முடியாது. இந்த உயிரை எதற்காக வைத்திருக்கிறீர் என்று கேட்டேன்.  அப்போது ஒரே விண்ணப்பம்தான் மிஞ்சியது: ஆண்டவரே, சீக்கிரம் வாரும். உம் வருகை இன்றைக்கு இருந்தால் இந்த உடம்பிலிருந்து எழுந்துவிடுவேன். ஆனால் அதைக் கேட்டு முடிப்பதற்குள் ஜெனியின் முகம் வரும். கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன். மறுபடி கேட்பேன்.

டிசம்பர் மழை வந்தது. விடாமல் பெய்தது. ஏரி நிரம்பிவிட்டது, தெருவில் முழங்கால் தண்ணீர் என்று சிஸ்டர்கள் பேசிக்கொண்டார்கள். எங்கள் வார்டு தரைத்தளத்தில். ஒரு காலை தொண்டைக் குழாயை மாற்றவேண்டும் என்று தூக்க மருந்து கொடுத்தார்கள். அந்த வேலை முடிந்தபின்னும் நெடுநேரம் தூங்கியிருக்கிறேன்.

விழித்தபோது சத்தமே இல்லை.

ஏ.சி. ஓடவில்லை. மானிட்டர் எதுவும் கத்தவில்லை. எதிர்க்கட்டில் இருமல் இல்லை. செருப்புச் சத்தம் இல்லை, பேச்சு இல்லை. மழையும் நின்றிருந்தது. கண்ணில் டேப். என் இயந்திரம் மட்டும் புஸ் என்று தள்ளியது, நிறுத்தியது, மறுபடி தள்ளியது. யாராவது நடப்பார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். ஒருவரும் நடக்கவில்லை.

வெளியே எங்கோ ஒரு வண்டியின் ஹாரன் கேட்டது. யாரோ அழுத்திவிட்டு விடுவதுபோல இல்லை. நிறுத்தாமல், ஒரே சுருதியில், அலறிக்கொண்டே இருந்தது. ஓட்டுகிறவர் இல்லாத வண்டி.

அது எனக்குப் புரிந்துவிட்டது. நான் எத்தனையோ முறை பிள்ளைகளுக்கு வருணித்த காலை இதுதான். வந்துவிட்டார். எல்லோரும் போய்விட்டார்கள். நான் இங்கே கிடக்கிறேன்.

அந்தப் பயத்தை எழுத எனக்கு வார்த்தை போதாது. உடம்பு அசையாதபோது பயத்துக்குப் போக இடமில்லை. ஓட முடியாது, கத்த முடியாது. என்ன தவறு செய்தேன், எதில் குறைந்தேன் என்று தேடினேன். அதற்குள் இயந்திரத்தின் சத்தம் மாறியது. கீச் கீச்சென்று எச்சரித்தது. பிறகு அதுவும் நின்றது.

காற்று வரவில்லை. நெஞ்சு காலியாகவே இருந்தது. இதுதான் முடிவு என்று நினைத்தேன்.

யாரோ தண்ணீரைச் சளசளவென்று மிதித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். தொண்டையில் ஒரு இழுப்பு, ஒரு திருகல். சட்டென்று காற்று உள்ளே வந்தது.

"அக்கா, நான் கீறேன். பயப்படாதீங்க" என்றது தேவியின் குரல். கையால் அமுக்கி மூச்சு கொடுக்கிற பையை அவர் அமுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கே மூச்சு வாங்கியது. "கரண்ட் பூடுச்சு. எல்லாரும் மேல போய்ட்டாங்க. நாம மட்டுந்தான்கா மிச்சம்."

இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கு அந்த வார்த்தைகளை நான் எப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. தேவி எங்கள் விசுவாசத்தைச் சேர்ந்தவரில்லை. என் பாடத்தின்படி அவர் கைவிடப்படவேண்டியவர். அவர் இருக்கிறார், வேறு யாரும் இல்லை. சந்தேகமே தீர்ந்துவிட்டது.

மறுபடி தண்ணீர்ச் சத்தம். "சிஸ்டர், நான் வந்துட்டேன். யாரும் என்னைத் தடுக்கல. எப்படி அமுக்கணும், காட்டுங்க." ஜெனியின் குரல்.

"மெதுவா அமுக்கி விடுங்க, மூணு எண்ணிட்டு மறுபடி. அவசரப்படாதீங்க. எனக்குக் கை விட்டுப்போச்சு."

பை கைமாறியது. அதன் அழுத்தம் கொஞ்சம் வேறாக இருந்தது. "அம்மா, ஜெனி. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். "அப்பா மேல போயிருக்காரு."

அப்பா போய்விட்டார். அவர் போவார் என்பதில் எனக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை. ஜெனி நின்றுவிட்டாள். எந்தக் காட்சிக்குப் பயந்து இத்தனை வருஷம் அழுதேனோ அது நடந்துவிட்டது. என் மகள் கைவிடப்பட்ட பூமியில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். அவள் அமுக்கும் ஒவ்வொரு மூச்சும் என் நெஞ்சுக்குள் வந்து போகிறது.

அப்போது எனக்குள் ஒரு எண்ணம் வந்தது. நல்லவேளை, நானும் போகவில்லை.

அது பயத்தில் வந்த உளறல் இல்லை. மிகத் தெளிவாக வந்தது. இவளை இங்கே தனியாக விட்டுவிட்டு நான் அங்கே கண்ணீரில்லாமல் இருந்திருப்பேனா? முடியாது. அவள் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருந்த உண்மையான பதில் அதுதான். அடுத்த கணமே பதறிப்போனேன். பரலோகத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேனா? கண்ணீர் டேப்புக்கு அடியில் ஊறி வழிந்தது.

"அம்மா அழுறாங்க சிஸ்டர்."

"அழட்டும். அழுதா உயிரு கீதுன்னு அர்த்தம். நீங்க எண்றத நிறுத்தாதீங்க."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாற்றி மாற்றி அமுக்கினார்கள். பிறகு வாசல் பக்கம் பல கால்கள் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வரும் சத்தம். "ஏளா, வந்துட்டோம். சிலிண்டரும் ஆளும் கொண்டாந்துருக்கேன்" என்றார் என் கணவர். அவருக்குப் பின்னாலேயே இன்னொரு குரல்: "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். பிரதர், தலைப்பக்கம் நான் பிடிக்கிறேன். சாயக்கூடாது, மெதுவா." எங்கள் பாஸ்டர்.

பாஸ்டரும் கைவிடப்பட்டுவிட்டாரா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதன்பிறகுதான் மெல்ல மெல்லப் புத்தி வந்தது. மேலே என்றால் மாடி. கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் இருந்த அறையில் தண்ணீர் புகுந்திருந்தது. ஒவ்வொரு நோயாளியாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இயந்திரத்தோடு இருக்கிறவளை எடுப்பதற்குச் சிலிண்டரும் நிறைய ஆட்களும் வேண்டும் என்பதால் நான் கடைசி; ஆள் சேர்க்கத்தான் என் கணவர் பாஸ்டரைக் கூப்பிட்டிருக்கிறார். நான் விழித்தபோது தேவி பக்கத்து அறையில் அந்தப் பையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். என் இயந்திரம் அதன் பேட்டரி தீரும்வரை ஓடியிருக்கிறது. ஹாரன், வாசலில் தண்ணீரில் மூழ்கிய ஒரு கார். மாடிப்படியில் என்னைத் தூக்கிப் போகும்போது ஒரு பக்கம் ஜெனி பையை அமுக்கிக்கொண்டே ஏறினாள். பாஸ்டர் வழிநெடுக ஜெபித்தார், நடுவில் "திருப்பம், திருப்பம், பாத்து" என்றும் சொன்னார்.

நோய் வந்ததைவிட மிக மெதுவாகப் போயிற்று. மேலேயிருந்து கீழே இறங்கியது. முதலில் இமை மூடியது. பிறகு உதடு அசைந்தது. ஒரு நாள் இயந்திரத்தைச் சற்று நேரம் நிறுத்திப் பார்த்தார்கள், நான் தானாக மூச்சு விட்டேன். கழுத்துத் துளையை அடைத்த அன்று எனக்குக் குரல் திரும்பியது. ஜெனி முன்னால் நின்றாள். என்ன பேசுவது என்று எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். "நீ சாப்பிட்டியா?" என்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்து வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தபின், சபையில் சாட்சி சொல்லும்படி பாஸ்டர் கேட்டார். சாட்சி என்றால் தேவன் எனக்குச் செய்ததை எல்லோர் முன்பும் சொல்வது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். வருகை வந்துவிட்டது என்று நினைத்ததையும், மகளின் குரலைக் கேட்டு, நானும் போகாதது நல்லது என்று நினைத்ததையும் சொன்னேன். வழக்கமாக ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வரும் ஆமென் அந்த இடத்தில் வரவில்லை. ஒருவர் தொண்டையைச் செருமினார். உட்கார்ந்துவிட்டேன்.

ஆராதனை முடிந்தபின் பாஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். "சிஸ்டர், அந்தக் கடைசிப் பகுதியை விட்டிருக்கலாம். பலவீனமானவங்க தப்பா எடுத்துக்குவாங்க."

"விட்டுட்டா அது பாதி சாட்சிதானே ஐயா. அவர் வருவார்னு இன்னமும் நம்புறேன். அதுல மாத்தமில்ல. ஆனா அந்த நினைப்பு வந்தது நிஜம்."

அவர் வாசலில் பிள்ளைகள் செருப்புத் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்குத் தண்ணியில நின்னப்ப நானும் வருகையை நெனைக்கல சிஸ்டர்" என்றார். "ஸ்ட்ரெச்சர் சாஞ்சிடக் கூடாது. அது ஒண்ணுதான் மனசுல இருந்துச்சு."

போன மாதம் விடுமுறை நாளில் தேவி எங்கள் வீட்டுக்கு வந்தார். பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். கொய்யாப்பழம் வாங்கிவந்திருந்தார். ஜெனி டீ போட்டுக் கொடுத்து, அன்று நான் நினைத்ததையெல்லாம் அவரிடம் சொன்னாள்.

"அய்யே. அப்ப என் குரலக் கேட்டுத்தான் ஜாஸ்தி பயந்துட்டீங்களாக்கா?" என்று சிரித்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரை உருட்டிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டார்: "நெஜமாவே அவரு வந்தா என்னையும் இட்டுகினு போவாராக்கா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் தயாராக ஒரு பதில் உண்டு. எத்தனையோ வருஷம் கற்பித்த பதில். நாக்குவரை வந்தது. ஜெனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியல தேவி" என்றேன்.

 அவர் டம்ளரை ஜெனியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். "சரி, அத அவரு வர்றப்ப பாத்துக்கலாம். இப்ப எந்திரிங்க. அந்த கேட் வரைக்கும் நடந்து காட்டுங்க. வாக்கர் வேணாம்."

வாக்கரைச் சுவரோரம் தள்ளி வைத்தேன். இரண்டு பக்கமும் இருவரும் வந்து நின்றார்கள், தொடவில்லை. நான் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தேன்.